ராமேசுவரச் சுற்றுலாவை இடக் கணக்கில் விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமேசுவரம் ரயில் நிலைய வாசல், பேருந்து நிலையம், அக்னி தீர்த்தக் கரை என்று எங்கே நின்றாலும் தனி வண்டிச் சுற்றுலாவுக்கு அழைப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: இத்தனை ரூபாய்க்கு இத்தனை இடம். ஒருவர் பதினைந்து இடம் என்றால் அடுத்தவர் பதினெட்டு என்பார். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களும் எண்ணிக்கை கூடினால் லாபம் என்று நினைத்து ஏறிவிடுகிறார்கள். அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு இறக்கம், ஒரு உண்டியல், ஒரு கடை, மறுபடி ஏற்றம். மாலையில் கேட்டால் எந்தத் தீர்த்தம் எங்கே இருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. தனிச் சுற்றுலாவை இடக் கணக்கில் விற்பதை நிறுத்தி, மணிக் கணக்கில், போகும் வரிசையை எழுதிக் கொடுத்து விற்க வேண்டும். அதற்கான படிவத்தை மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து வகுத்துத் தர வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

வரிசையை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், ராமநாதபுரம் கடற்கரையில் நேரத்தைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை. கோயில் நடை திறந்து சாத்தும் நேரம், தனுஷ்கோடிச் சாலையில் காவல் துறை வண்டியை மறிக்கும் நேரம், காற்றின் திசை, உச்சி வெயில் இந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன. இவற்றைத் தெரிந்தவர் வகுத்த பயணத்தில் ஆறு இடம் பார்த்தாலும் நிறைவாக இருக்கும். தெரியாதவர் வகுத்தால் சாத்திய கதவுகளையும் கொதிக்கும் மணலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மதுரையிலிருந்து விடிகாலை கிளம்பி அன்றிரவே திரும்பும் பயணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மதுரையிலிருந்து ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். அங்கிருந்து தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல். போக வர 380 கிலோமீட்டர் வண்டியிலேயே போகிறது. சாப்பாடு, தேநீர் நிறுத்தம் சேர்த்தால் எட்டு மணி நேரம் சாலைக்கே சரி. காலை 10 மணிக்குத் தீவுக்குள் நுழைகிற வண்டி தீர்த்தமாடி முடிப்பதற்குள் மதிய நடை சாத்திவிடுவார்கள். மீதி மூன்று மணி நேரத்தை வெயிலில் கழித்துவிட்டு, அவசரமாக தனுஷ்கோடிக்கு ஓடி, இருட்டில் மதுரைக்குத் திரும்ப வேண்டும். விடிகாலை 3 மணிக்கு எழுந்த ஓட்டுநர்தான் இரவு 10 மணிக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு நாள் பயணத்தை விற்கக் கூடாது. இரண்டு பகல், ஒரு இரவு. குறைந்தது இவ்வளவு வேண்டும்.

இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் முதல் நாளை ராமநாதபுரம் பக்கத்துக்கே கொடுத்துவிடலாம். காலையில் உத்தரகோசமங்கை. மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்பு களையப்படும். மற்ற நாளில் வருகிறவர்களுக்கு இதை வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். 'மரகதச் சிலையைப் பச்சையாகப் பார்க்கலாம்' என்று ஆசை காட்டிக் கூட்டிப் போய்ச் சந்நிதியில் ஏமாற விடுவது நியாயமில்லை. அடுத்து திருப்புல்லாணி. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று. ஆதி ஜகந்நாதப் பெருமாளையும் தர்ப்பையில் சயனித்த ராமரையும் அவசரமில்லாமல் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டு கோயிலுமே மதியம் நடை சாத்துபவை. அதனால் நண்பகலுக்குள் இரண்டையும் முடித்துக்கொண்டு சேதுக்கரைக்கு இறங்கிவிட வேண்டும். கடலைப் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயர் கோயில் அங்கே இருக்கிறது. அமாவாசை தவிர்த்த நாட்களில் கூட்டம் அதிகம் இராது.

மதியச் சாப்பாட்டுக்கு ராமநாதபுரம் வந்தால், பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டுவிடும் ராமலிங்க விலாசம் அங்கே இருக்கிறது. சேதுபதிகளின் அரண்மனைக் கூடம். சுவர் முழுக்க ஓவியங்கள். போர்க்காட்சி, வெளிநாட்டார் வருகை, ராமாயணம், பாகவதம் என்று ஒரு அரசகுடி தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதையே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. வார விடுமுறை எந்த நாள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். கமிஷன் தரும் கடை எதுவும் இதன் பக்கத்தில் இல்லை என்பதால்தான் இது பட்டியலில் வருவதில்லை என்பது என் கருத்து. வெயில் தாழ்ந்ததும் தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களையும் நடைபாதையில் சுற்றிவந்து பார்க்கலாம். பரிகாரப் பொருள் தட்டு, அர்ச்சனை எல்லாவற்றுக்கும் விலையை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பிறகு ராமேசுவரம் போய் இரவு தங்கல். ரத வீதிகளுக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தால் மறுநாள் பாதி வேலை குறையும். வயதானவர்கள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கீழக்கரை, ஏர்வாடி பக்கம் போக விரும்புகிறவர்களுக்குத் திருப்புல்லாணியிலிருந்தே தெற்கே திரும்பிவிடலாம். கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்தூண்களோடு தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக் கலையிலேயே எழுப்பப்பட்டது. ராமேசுவரம் ரயில் நிலையம் பக்கம் ஆபில் காபில் தர்காவும், தங்கச்சிமடத்தை அடுத்து வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் தேவாலயமும் இருக்கின்றன. சந்தியாகப்பர் திருவிழாவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். இந்தத் தீவைக் காட்டுகிறவர் இவற்றையும் காட்ட வேண்டும். கேட்டால்தான் காட்டுவேன் என்று இருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் காலையில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ராமநாதசுவாமி கோயிலில் எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்பதை வழிகாட்டி முதல் நாள் இரவே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். விடிகாலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். அது வேண்டும் என்பவர்கள் உலர்ந்த உடையில் முதலில் அதை முடித்துக்கொள்ள வேண்டும். ஈர உடையோடு கருவறைப் பக்கம் விடமாட்டார்கள். கடலில் குளித்துவிட்டு நேரே ஸ்படிக தரிசனத்துக்கு வந்து நின்று, திருப்பி அனுப்பப்படுகிற குடும்பங்கள் தினமும் உண்டு. தரிசனம் முடிந்து வெளியே வந்து அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. பிறகு உள்ளே 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். அதன் பிறகு உடை மாற்றிக்கொண்டு சுவாமி, அம்பாள் தரிசனம். அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குத்தான் முதல் பூசை, அதன் பிறகே ராமலிங்கத்துக்கு என்பதை வரிசையில் நிற்கும்போதே வழிகாட்டி சொன்னால், சந்நிதியில் எதைப் பார்க்கிறோம் என்று தெரியும்.

தீர்த்தமாடலுக்குச் சில சின்ன விஷயங்கள். செல்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே காப்பகத்தில் வைக்க வேண்டும்; ஒரு குடும்பத்துக்கு ஒரு பையாகக் கட்டி ஒரே சீட்டு வாங்கிக்கொண்டால் திரும்பி எடுக்கும்போது குழப்பம் வராது. தீர்த்தச் சீட்டைக் கோயில் கவுன்டரில் மட்டுமே வாங்க வேண்டும். கட்டணம் அங்கேயே எழுதிப் போட்டிருக்கும். 'வரிசை இல்லாமல் தனியாக ஊற்றிவிடுகிறோம்' என்று வெளியே பேசும் தொகைக்குக் கணக்கும் இல்லை, ரசீதும் இல்லை. கிணற்றுக்குக் கிணறு நடக்கும் கருங்கல் தரை முழுக்க ஈரமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். சேலை காலில் சுற்றி விழுகிறவர்கள் அதிகம் என்பதால் பெண்களுக்கு உடலை ஒட்டிய, அடர் நிறப் பருத்தி உடையே நல்லது. சிறு குழந்தைகளுக்கு 22 வாளியையும் தலையில் ஊற்ற வேண்டியதில்லை, தெளித்தால் போதும். உலர்ந்த உடைப் பையைக் குளிக்காத ஒருவரிடம் கொடுத்து, எங்கே நிற்பது என்று இடம் சொல்லிவைக்க வேண்டும். செல்பேசி இல்லாத கூட்டத்தில் இதைப் பேசிவைக்காவிட்டால் ஒரு மணி நேரம் தேடலிலேயே போய்விடும். முழுக்கு முடிந்து பழைய துணியைக் கடலிலேயே விடும் வழக்கத்தை வழிகாட்டிகள் தடுத்தாக வேண்டும். அந்தத் துணிதான் அடுத்து குளிக்க இறங்குகிறவரின் காலில் சுற்றுகிறது, மீனவர் வலையிலும் மாட்டுகிறது.

சாதாரண நாளில் இவ்வளவும் காலை 9 மணி, 9.30 மணிக்குள் முடியும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அந்த நாட்களில் சுற்றுலாவுக்கு முன்பதிவே வாங்கக் கூடாது; திதி கொடுக்க வருகிறவர்களுக்கு இடம் விடுவதுதான் முறை. தரிசனம் முடிந்த கையோடு வெளியே இழுத்துக்கொண்டு ஓடாமல் மூன்றாம் பிரகாரத்துக்கு அரை மணி நேரமாவது கொடுக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் எழுந்தது, 1212 தூண்கள். ஒரு மூலையில் நின்று இரண்டு பக்கமும் நீளவாக்கில் பார்க்கச் சொல்ல வேண்டும். கல்லே இல்லாத மணல் தீவுக்கு இவ்வளவு கல்லையும் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்ற ஒரு வாக்கியம் போதும், பார்க்கிறவர் தானாகவே நின்றுவிடுவார்.

காலை உணவுக்குப் பிறகு மசூதித் தெருவில் அப்துல் கலாம் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். பேக்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட நினைவிடம் நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் ஊருக்குத் திரும்பும்போது வைத்துக்கொள்வதுதான் வசதி. அங்கும் உள்ளே படம் எடுக்க முடியாது. கெந்தமாதன பர்வதத்தில் ராமர் பாதம். தீவிலேயே உயரமான இடம் என்பதால் மேலே ஏறி நின்றால் தீவின் வடிவம் புரியும். தங்கச்சிமடம் அருகே வில்லூண்டி தீர்த்தம், கடலுக்குள்ளே நல்ல தண்ணீர் ஊற்று. இந்த இரண்டும் போதும். தீர்த்தம் என்ற பெயரில் பலகை வைத்த ஒவ்வொரு இடத்திலும் இறங்க வேண்டியதில்லை.

இனி தனுஷ்கோடி. எல்லாரும் பார்க்க வருவது இதைத்தான். எல்லாத் தவறும் நடப்பதும் இங்கேதான்.

முகுந்தராயர் சத்திரம் வரைதான் முன்பு சாலை. அதற்கு மேல் மணலில் வேன் போகும். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 5 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனைக்கு நாலரை கிலோமீட்டர் என்று தார்ச்சாலை வந்தது. சாலை வந்த பிறகு எந்த நேரமும் போகலாம் என்று ஆகிவிட்டது. உண்மையில் போகக் கூடிய நேரம் இரண்டுதான். காலையில் வெயில் ஏறுமுன், அல்லது பிற்பகல் 3 மணிக்கு மேல். நடுப்பகலில் நிழல் என்று ஒன்று அங்கே கிடையாது. மாலை 5 மணி வாக்கில் உள்ளே விடுவதை நிறுத்திவிட்டு, இருட்டுவதற்குள் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். நிலைமையைப் பொறுத்து இது சற்று முன்பின் ஆகும். அதனால் 'அரிச்சல்முனையில் சூரியன் மறைவதைக் காட்டுகிறேன்' என்ற வாக்குறுதியை யாரும் கொடுக்கக் கூடாது. ராமேசுவரத்தைத் தாண்டினால் பெட்ரோல் கிடையாது. வண்டியில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, குழந்தைகளுக்கு மாற்றுடை இருக்க வேண்டும்.

வண்டியைத் தார்விளிம்பிலிருந்து இறக்கி மணலில் நிறுத்துவது இன்னொரு தவறு. மேலே இறுகிப் பாறை மாதிரி தெரியும். ஒரு சாண் கீழே பொலபொலவென்று இருக்கும். டெம்போ டிராவலர் போன்ற கனத்த வண்டி நின்ற இடத்திலேயே இறங்கிவிடும். சக்கரம் சுழல ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் அச்சுவரை புதையும். உடனே மிதிப்பதை நிறுத்திவிட்டு, ஆட்களை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டிச் சரிவாக்கி, டயர்க் காற்றைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் அளவுக்கு இறக்கி, பனை மட்டையோ வண்டியின் தரை விரிப்போ போட்டு, முதல் கியரில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஏறியதும் வேகமெடுக்காமல் ஊருக்குள் வந்து காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் சாலை மேலேயே ஏறிக் கிடக்கும், அலையும் தடுப்புக் கற்களைத் தாண்டிச் சாலையில் விழும். உப்புத் தண்ணீர் பட்ட வண்டியின் அடிப்பகுதியை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் துரு பிடிக்கும். வண்டிக்காரர் கேட்கும் தொகையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பயணிகளும் புரிந்துகொள்ள வேண்டும்.

வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்று சொல்வது இங்கே வழக்கம். வழிகாட்டிகள் இதை அப்படியே ஒப்பித்து, வடக்குக் கடல் எப்போதும் சாது என்று சொல்லிக் குழந்தைகளை இறக்கிவிடுகிறார்கள். இது ஆபத்து. கச்சான் வீசும் மாதங்களில், தோராயமாக மே முதல் செப்டம்பர் வரை, தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அடங்கிக் கிடக்கும். வாடைக் காற்று எழும் அக்டோபர் முதல் தை மாதம் வரை நிலைமை தலைகீழ்: வடக்குதான் சீறும். கரையில் இருக்கும் எந்த மீனவரைக் கேட்டாலும் அன்றைய காற்றைச் சொல்லிவிடுவார். அரிச்சல்முனையில் மட்டும் எந்தக் காலத்திலும் குளிக்கக் கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதுகிறது. கரை சரிந்து, இரண்டு மூன்று அடி எடுத்து வைப்பதற்குள் ஆழம் வந்துவிடும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலும் காலடி மணலை அலை உருவிக்கொண்டு போகும். மணல் நுனியின் வடிவமே மாறிக்கொண்டிருப்பதால் போன முறை குளித்த இடம் என்று எதையும் நம்ப முடியாது. பிள்ளைகள் தண்ணீரில் விளையாட வேண்டும் என்றால் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே அரியமான் கடற்கரை இருக்கிறது. சவுக்கு நிழல், வாடைக் காலம் தவிர்த்து ஆழமில்லாத அமைதியான கடல். தனிச் சுற்றுலாவின் பயனே இதுதான்: குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தனுஷ்கோடியில் சொல்லப்படும் கதைகளிலும் திருத்த வேண்டியவை இருக்கின்றன. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலில் போன ரயில் பாம்பன் பாலத்திலிருந்து விழுந்தது என்று பல வழிகாட்டிகள் சொல்கிறார்கள். தவறு. பாம்பனிலிருந்து வந்த அந்தப் பயணிகள் ரயிலை, பாலத்துக்குத் தீவுப் பக்கம், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது கடல் ஏறி அடித்துக்கொண்டு போனது. அதில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்யப்பட்டது. இரண்டு செய்தியையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். அந்தப் புயலுக்கு முன் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது, சென்னையில் ரயில் ஏறியவர் இங்கே கப்பல் மாறிக் கொழும்புவரை போனார் என்பதைச் சொன்னால்தான் அந்தக் குட்டிச்சுவர்கள் ஒரு ஊராகத் தெரியும். இடிந்த தேவாலயம் பவளக் கல்லால் கட்டியது. உப்புக் காற்றில் கல் அரித்துப்போய் நிற்கிறது. சுவரில் ஏறிப் படம் எடுப்பதும் ஒரு துண்டு பெயர்த்துக்கொண்டு போவதும் மிச்சத்தையும் விழ வைக்கும்.

'இலங்கை தெரிகிறது பாருங்கள்' என்று கை காட்டுவதையும் விட்டுவிட வேண்டும். தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. கரையில் நிற்கிற மனிதரின் கண்ணுக்குக் கடல் விளிம்பு ஐந்து கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும், மன்னார் தீவோ தாழ்வான மணல் நிலம். தெரிவது அலை நுரையும், சில நாட்களில் மணல் திட்டும்தான். அந்தத் திட்டுகளுக்குப் படகில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஏறக் கூடாது; சர்வதேச எல்லையை ஒட்டிய கடல் அது. திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில், விபீஷணர் பட்டாபிஷேகத் தலம். குளிர்காலத்தில் அதைச் சுற்றிய கழிமுகத் தண்ணீரில் பூநாரைகள் இறங்கும். 2025இல் அரசு இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டி எழுப்பினால் இரை தின்று கொண்டிருந்த கூட்டம் முழுவதும் எழும்பி வேறு இடம் தேடிப் போய்விடும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்துவதை வழிகாட்டிகளே முதலில் கைவிட வேண்டும். 1988இல் திறந்த அந்தப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் மேடாக ஏறி இறங்குவதால் எதிரே வரும் பேருந்துக்கு நின்றிருக்கும் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். பாம்பன் ஊருக்குள் இறங்கிக் கரையிலிருந்து பார்த்தால் சாலைப் பாலமும் ரயில் பாலமும் சேர்ந்து தெரியும், நிழலும் உண்டு. 1914இல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு கைகளைப் போல விரிந்து எழுந்தது ஷெர்சர் தூக்கு அமைப்பு. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலேறும். இந்த வித்தியாசத்தை விளக்கத் தெரிந்தவர்தான் வழிகாட்டி. கப்பலோ பெரிய படகோ கடக்கும்போது மட்டுமே அது உயரும். காசு வாங்கிக்கொண்டு காட்டக் கூடிய காட்சி இல்லை. இதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. குடும்பத்தை ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ ரயிலில் ஏற்றிவிட்டு, வண்டி சாலை வழியாகப் போய் ராமேசுவரம் நிலையத்தில் காத்திருக்கலாம். தண்ணீருக்குச் சற்று மேலே ரயில் ஊர்ந்து போகும் அனுபவம் எந்தச் சாலையிலும் கிடைக்காது. ஆனால் ரயில் நேரத்தைப் பார்த்து முதல் நாள் வரிசையை அமைக்க வேண்டியிருக்கும்.

படகுச் சவாரி விரும்புகிறவர்களுக்குக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத் துறை நடத்தும் சூழல் சுற்றுலா உண்டு. 1897 ஜனவரி 26ஆம் தேதி விவேகானந்தர் வந்து இறங்கிய கரை குந்துகால்தான். நினைவு மண்டபமும் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே தொண்டி போகும் வழியில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத் துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். இரண்டும் காற்றைப் பொறுத்தவை. காற்று பலத்தால் படகு கிடையாது, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். உயிர்காப்பு மேலாடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்வதில் பயனில்லை. கரையிலேயே மாட்டிப் பட்டை இறுக்கிய பிறகுதான் ஏற வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாத தீவில் இறக்கிவிடும் படகுக்காரர் பயணியையும் வழக்கில் மாட்டிவிடுகிறார்.

கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவளப் பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை இவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். வலம்புரிச் சங்கு என்று பெரும் விலைக்கு விற்பதில் பெரும்பாலானவை நம் கடலின் சங்கே அல்ல. வேறு நாட்டுக் கடலில் இயல்பாகவே அந்தப் பக்கம் திரும்பி வளரும் வேறு இனம். சோதிப்பது எளிது. வாய்க்குள் விளக்கடித்து நடுத்தண்டைப் பார்த்தால், நம் சங்கில் மூன்று நான்கு மடிப்புக் கோடுகள் வரிசையாக ஓடும். மற்றதில் தண்டு வழுவழுவென்று இருக்கும். மாறாக, வாங்கத் தகுந்தவற்றை யாரும் காட்டுவதில்லை: பனையோலைப் பெட்டி, கருப்பட்டி, ராமநாதபுரம் குண்டு மிளகாய். இவை வாங்கினால் பணம் இந்த மாவட்டத்தின் வீடுகளுக்கே போகும். மீன் சாப்பாட்டுக்குப் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம். கோயிலைச் சுற்றி சைவம்தான். தனுஷ்கோடிக் கொட்டகைகளில் மீனைக் கையால் காட்டி, வறுக்குமுன் விலை பேசிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும். வரத்துக் குறைவால் விலை கூடுவதை ஏமாற்று என்று எண்ண வேண்டியதில்லை.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். ஒரே தாள் போதும். வண்டி எண், இருக்கை எண்ணிக்கை, கிளம்பும் நேரம், முடியும் நேரம், கட்டணத்தில் சேர்ந்த கிலோமீட்டர், கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா, டோல், நிறுத்தக் கட்டணம் யார் பொறுப்பு, வழிகாட்டிக்குத் தனித் தொகை எவ்வளவு, கோயில் சீட்டும் படகுச் சீட்டும் இதில் சேர்த்தியா இல்லையா, போகும் இடங்களின் வரிசை, ஒவ்வொன்றிலும் நிற்கும் நேரம். கீழே இரு தரப்பும் கையெழுத்து. கடைக்குக் கூட்டிப் போவதாக இருந்தால் அதையும் எழுதியாக வேண்டும்; எழுதாத கடையில் இறங்க மறுக்கும் உரிமை பயணிக்கு இருக்கும். தமிழ், இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் நான்கிலும் அச்சிட வேண்டும், வருகிறவர்களில் பலர் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். ஆட்டோவுக்கும் காருக்கும் அரை நாள், முழு நாள் கட்டணத்தை ரயில் நிலையம், பேருந்து நிலையம், அக்னி தீர்த்தம் மூன்றிலும் பலகையாக வைக்கலாம். நியாயமாகக் கேட்கும் ஓட்டுநர்களுக்கு இது பாதுகாப்பு. பேரம் பேசிப் பேசியே அவர்களைப் பாதி விலைக்கு இறக்குகிற கூட்டமும் இருக்கிறது.

வழிகாட்டி அட்டை வழங்கும்போது வரலாறு மட்டும் கேட்காமல், முதலுதவி, கடல் காற்று, நடை நேரம், வன உயிரினச் சட்டம் இவற்றிலும் தேர்வு வைக்க வேண்டும். பயிற்சி தருகிறவர்களில் மீனவர்கள், பாசி எடுக்கும் பெண்கள் இருக்க வேண்டும். சின்னப்பாலம், பாம்பன் பக்கத்துப் பெண்களுக்குக் கடலடியைப் பற்றித் தெரிந்ததில் கால் பங்கு கூட இப்போது வழிகாட்டியாகத் திரிகிற பலருக்குத் தெரியாது. அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கே அட்டை கொடுத்தால் இன்னும் நல்லது. பெண்கள் மட்டும் வரும் குழுக்களுக்குப் பெண் வழிகாட்டி கிடைப்பதில்லை என்ற குறையும் தீரும்.

அரிச்சல்முனையில் அன்றன்றைய காற்றையும் அலையையும் பார்த்துச் சிவப்பு, மஞ்சள் கொடி ஏற்ற ஒரு ஆள், உயிர்காப்பு வளையம், கயிறு, பெண்கள் உடை மாற்ற ஒரு மறைப்பு, போதுமான கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. இவற்றையும் நிர்வாகம் செய்து தர வேண்டும். தண்ணீர் லாரி வராத நாளில் கழிப்பறை இருந்தும் பயனில்லை என்பதால் எந்த நேரத்துக்கு லாரி வரும் என்பதையும் பலகையில் எழுதிவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கோடை விடுமுறைக்கு முன் படிவமும் கட்டணப் பலகையும் நடைமுறைக்கு வர, தங்கள் நாளிதழ் இந்தக் கடிதத்தை வெளியிட்டு உதவ வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.